தலைவரில்லாச் சங்கத்தின் மலசலகூடம்

சங்கம் என்பது திருகோணமலைக்குப் புதிய விஷயமல்ல. மீனவர் சங்கம், மாதர் சங்கம், மரண உதவிச் சங்கம், விளையாட்டுக் கழகம், அந்த விளையாட்டுக் கழகத்தோடு கோபித்துக்கொண்டு பிரிந்தவர்களின் விளையாட்டுக் கழகம் என்று தெருவுக்கு இரண்டு கிடைக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவர், ஒரு செயலாளர், ஒரு பொருளாளர், பொருளாளரைச் சந்தேகப்படுவதற்கென்றே ஒரு கணக்காய்வாளர். தலைவரே இல்லாத சங்கத்தை மட்டும் அங்குள்ள சல்லி என்னும் கடற்கரைக் கிராமம் அதுவரை கண்டதில்லை. அந்தக் குறையைத் தீர்த்துவைக்க வந்து சேர்ந்ததுதான் பொதுக்கடல் டாவோ.

டாவோ என்றால் என்ன என்று யசோதராவைக் கேட்டால், "தலைவர் இல்லாத சங்கம், வோட்டெல்லாம் போனுக்குள்ள" என்பாள். அதற்கு மேல் விளக்கத் தெரிந்தவர்கள் அந்தச் சங்கத்துக்குள்ளேயே எத்தனை பேர் இருந்தார்களோ, யாருக்குத் தெரியும்? யசோதரா சல்லிக் கரையில் கருவாடு போடுகிறவள். விடியுமுன் வந்து, வள்ளங்களிலிருந்து இறங்கும் மீனை வெட்டி, உப்பிட்டு, பழைய வலைமேல் பரப்பிவிட்டு, வெயில் உச்சிக்கு ஏறும்வரை காகத்தோடும் நாயோடும் சண்டை பிடிப்பாள். அவளோடு முப்பதுக்கு மேற்பட்ட பெண்கள். அவர்கள் எல்லோருக்கும் ஒரே ஒரு குறை இருந்தது. கரையில் மலசலகூடம் இல்லை.

ஆண்களுக்கு அது குறையாகவே தெரியவில்லை. அவர்களுக்குக் கடல் முழுக்க இருந்தது. பெண்கள் என்ன செய்வார்கள்? காலையில் தேத்தண்ணி குடிக்கமாட்டார்கள். தாகம் எடுத்தால் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிடுவார்கள். இனி ஏலாது என்ற கட்டத்தில் கத்தியைக் கீழே போட்டுவிட்டு மணலில் வீடுவரை ஓடுவார்கள். திரும்பி வரும்போது நெத்தலியில் பாதி காகத்தின் கணக்கில் போயிருக்கும். சலத்தை அடக்கி அடக்கி யசோதராவுக்குச் சலக்கடுப்பு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது டொக்டர், "தண்ணி நல்லாக் குடியுங்கோ அம்மா" என்று அன்பாகத்தான் சொன்னார். குடித்த தண்ணீரோடு எங்கே போவது என்று அவரும் சொல்லவில்லை.

கேளாத இடமில்லை. ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒருவர் வந்து நாடாவால் நிலத்தை அளந்துகொண்டு போவார். அளந்து அளந்தே அந்த இடம் அரையடி பள்ளமாகிவிட்டது என்று வள்ளியம்மா சொல்வாள். வள்ளியம்மா யசோதராவுக்குப் பக்கத்தில் இருந்து மீன் வெட்டுகிறவள். அவளுடைய கத்தியைவிட வாய் கூர்மை.

இந்த நேரத்தில்தான் லிங்கநகர் யுகேந்திரன் மடிக்கணினியும் நீல நிற டீசேட்டுமாகக் கரைக்கு வந்தான். முன்பு சூரிய விளக்குத் திட்டத்தில் இருந்தவன், அதற்கு முன்பு கோழிக்குஞ்சுத் திட்டத்தில். இப்போது பொதுக்கடல் டாவோவின் சமூக இணைப்பாளர்.

"உலகம் முழுக்க இருக்கிற கடல் நேசர்கள் காசு சேர்த்து வச்சிருக்கினம் அக்கா," என்றான். "கரையில இருக்கிற சனம் என்ன கேக்குதோ அதைத்தான் செய்வினம். ஒருத்தரையும் போய்க் கெஞ்சத் தேவையில்லை. வோட்டுப் போட்டாச் சரி."

"கக்கூஸ் கட்டித் தருவினமோ?" என்று யசோதரா கேட்டாள்.

"நீங்கள் தீர்மானிச்சா ஏன் தரமாட்டினம்?"

கெஞ்சாமல் கக்கூஸ் என்றால் யாருக்குத்தான் கசக்கும்? முதல் கூட்டத்துக்குப் பெண்கள் குளித்துச் சேலை மாற்றிக்கொண்டு வந்தார்கள். சந்தைக்குப் போய்ப் பொன்னாடை ஒன்றும் வாங்கி வைத்திருந்தார்கள். ரொறன்ரோவிலிருந்து கொழும்புக்கு வந்து, அங்கிருந்து சிறிய விமானத்தில் சீனன்குடாவில் இறங்கி, வாடகை வான் பிடித்து வந்து சேர்ந்தார் டாவோக்காரர் டிலக்சன். கிழிந்த காற்சட்டை போட்டிருந்தார். கிழிசல் விலை கூடியது என்று யுகேந்திரன் பிறகு சொன்னான். யசோதரா பொன்னாடையோடு எழுந்ததும் அவர் இரண்டு கையையும் உயர்த்தித் தடுத்தார்.

"நோ நோ அன்ரி. நான் தலைவர் இல்லை. இங்க ஒருத்தருமே தலைவர் இல்லை. இந்த அமைப்பை நான் தொடங்கினனான், பேரை வச்சனான், விதியை எழுதினனான், விதியை மாத்துற விதியையும் எழுதினனான். அவ்வளவுதான். மற்றும்படி உங்களைப் போல நானும் ஒரு சாதாரண உறுப்பினர்."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "அப்ப இதை ஆருக்குப் போடுறது?" என்று வள்ளியம்மா கேட்டாள். "கடைக்காரன் திருப்பி எடுக்கமாட்டான்."

சாதாரண உறுப்பினர் கழுத்தை நீட்டினார்.

அன்றைக்கே எல்லாப் பெண்களின் போனிலும் ஆளுக்கு நூறு முத்து ஏற்றப்பட்டது. முத்து என்றால் கடலில் எடுப்பதல்ல, போனுக்குள் இருப்பது. ஒரு முத்துக்கு ஒரு வோட்டு. அந்த முத்தைச் சந்தையில் விற்கவும் வாங்கவும் முடியுமாம், காலையில் ஒரு விலை, மாலையில் ஒரு விலையாம். அதில் யசோதராவுக்கு அதிசயம் ஒன்றுமில்லை. சூடை மீனும் அப்படித்தான் விற்கிறது.

"உங்களிட்ட எத்தின முத்து தம்பி?" என்று மட்டும் கேட்டாள்.

"ஆறு மில்லியன்."

"எல்லாமாச் சேத்து எத்தின?"

"பத்து மில்லியன்."

யசோதராவின் முகம் தெளிந்தது. "அப்ப சம்மாட்டி எண்டு சொல்லுங்கோவன். நாங்கள் வேற என்னவோ எண்டு பயந்து போனம்."

கரைவலையும் தோணியும் சொந்தமாக வைத்திருப்பவர்தான் சம்மாட்டி. இழுக்கிறவர்கள் நூறு பேர் என்றாலும் பிடிபட்டதில் பெரிய பங்கு அவருக்கு. அந்தச் சொல்லைக் கேட்டதும் டிலக்சன் நெஞ்சில் கை வைத்தார்.

"அது பழைய அதிகாரச் சொல் அன்ரி. அந்த உலகத்தை உடைக்கத்தானே வந்திருக்கிறம். எங்கட பாஷையில 'ஆரம்பப் பங்களிப்பாளர்' எண்டு சொல்லுவம்."

"சம்மாட்டி எண்டா வலை கிழிஞ்சா நூல் வாங்கித் தருவார்," என்றாள் யசோதரா. "நீங்கள் என்ன தருவீங்கள்?"

டிலக்சன் யுகேந்திரனைப் பார்த்தார். "தொலைநோக்கு தருவார் அக்கா" என்றான் யுகேந்திரன்.

மறுநாள் யுகேந்திரன் கரையில் மீன் வைக்கும் கொட்டிலான வாடிக்குள் கதிரை போட்டிருந்து தீர்மானத்தை எழுதினான். "சல்லிக் கரையோரத்தில் பாலினமுணர் பரவலாக்கப்பட்ட சுகாதார உட்கட்டமைப்பு" என்று தலைப்பு வைத்தான்.

"கக்கூஸ் எண்டு எழுதும் தம்பி" என்றாள் யசோதரா.

"அப்பிடி எழுதினா ஒருத்தரும் மதிக்கமாட்டினம் அக்கா. முதல்ல இதுக்கு வெப்பநிலை பாக்கவேணும். பிறகு விவாதம். பிறகுதான் வோட்டு."

வெப்பநிலை பார்ப்பதென்றால் உறுப்பினர்களின் மனநிலையை அறிவதாம். அது இளஞ்சூடாக இருந்தது. விவாதம் இணையத்தில் நடந்தது. யுகேந்திரன் ஒவ்வொரு நாளும் வந்து மீன் வெட்டும் இடத்தில் குந்தியிருந்து, யார் என்ன சொன்னார்கள் என்று தமிழில் வாசித்துக் காட்டினான். பேர்லினில் இருந்த ஒருவர், கரைக்கு வோட்டு இருப்பதுபோல் கடலுக்கும் வோட்டு வேண்டும், இல்லாவிட்டால் தான் வெளியேறுவதாகச் சொன்னார். இன்னொருவர், மலசலகூடம் என்ற பௌதிகப் பொருள் உண்மையிலேயே தேவையா, அதன் அனுபவத்தைக் கணினியில் உருவாக்க முடியாதா என்று கேட்டார். வள்ளியம்மா அந்த ஆளின் விலாசத்தைக் கேட்டாள். யுகேந்திரன் கொடுக்கவில்லை.

அந்தச் சங்கத்தில் சொந்த முகம் வைத்திருப்பவர்கள் குறைவு. கறுப்புக் கண்ணாடி போட்ட பூனைப் படத்தோடு ஒருவர் இருந்தார். விண்வெளி வீரர் உடுப்போடு ஒருவர் இருந்தார். இரண்டு பேருக்கும் அங்கே மிகுந்த மதிப்பு. பூனை என்ன எழுதினாலும் கொஞ்ச நேரத்தில் விண்வெளி வீரர் வந்து, "பூனை சொல்வது மிக ஆழமானது" என்று எழுதுவார். அதற்குப் பின்னால் டிலக்சன் வந்து, "எனக்கு வேறு கருத்து இருந்தது, பூனையையும் விண்வெளி வீரரையும் வாசித்த பிறகு மனம் மாறிவிட்டேன். பரவலாக்கம் என்பது இதுதான்" என்று எழுதுவார். சும்மா சொல்லக்கூடாது, அவர்கள் மூவருக்குள்ளும் ஒரு நாளும் சண்டை வந்ததில்லை.

"கட்டுமுன் ஆய்வு வேண்டும்" என்றது பூனை. ஆழமானது என்றார் விண்வெளி வீரர். வோட்டில் வென்றது. ஆய்வுக்கான பணம் பூனைக்கே போனது. ஆய்வு முடிவு பல பக்கம் வந்தது. இறுதிப் பக்கத்தில், கரையில் வேலை செய்யும் பெண்கள் மலசலகூடத்தைப் பயன்படுத்த விரும்புவதற்கான வாய்ப்பு மறுக்க முடியாதது என்று இருந்தது. அடுத்து, கட்டப்படாத மலசலகூடத்துக்கு இலச்சினை வரைய விண்வெளி வீரருக்குப் பணம். அலைக்குள் ஒரு துளி, துளிக்குள் ஒரு கதவு. அதற்கும் அடுத்து, கரையோரச் சுகாதாரம் பற்றிய மாநாட்டுக்கு டிலக்சன் லிஸ்பனுக்குப் போனார். அங்கே மேடையில் அவருக்குப் பின்னால் யசோதராவின் படத்தைப் பெரிதாகக் காட்டினார்களாம். படத்தில் அவள் காகத்துக்குக் கல்லெறிந்துகொண்டிருந்தாள்.

யசோதராவுக்குப் பொறுமை போய்விட்டது. பின்னே? தாகத்தோடு குந்தியிருந்து மீன் வெட்டுகிறவள் அவளல்லவா! அடுத்த முறை யுகேந்திரன் போனில் டிலக்சனைக் காட்டியபோது நேரே கேட்டாள்.

"தம்பி, காசு எங்க?"

டிலக்சன் சிரித்தார். அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் அவர். "இதுதான் புளொக்செயின் எண்ட கணக்குப் புத்தகத்தின்ர அழகு அன்ரி. ஒண்டையும் ஒளிக்க ஏலாது. எல்லாம் திறந்து கிடக்கு. உலகத்தில ஆரும், எந்த நேரமும் பாக்கலாம். யுகேன், காட்டுங்கோ."

யுகேந்திரன் காட்டினான். சைபர், எக்ஸ், ஏழு, எஃப், மூன்று, பீ என்று எழுத்தும் இலக்கமும் கலந்து கறையான் வரிசைபோல ஓடியது. யசோதரா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"இந்த ஏழு எஃப் எண்டவர் ஆர்?"

"அதைச் சொல்ல ஏலாது அன்ரி. அது தனியுரிமை."

"அவர் காசு எடுத்தது எனக்குத் தெரியும். ஆர் எடுத்தது எண்டு மட்டும் தெரியாது. அப்பிடித்தானே?"

"சரியாப் பிடிச்சிட்டீங்கள்!" என்று டிலக்சன் மகிழ்ந்துபோனார். "கன பேருக்கு இது விளங்குறேல்லை."

கடைசியாகக் கட்டும் தீர்மானம் வோட்டுக்கு வந்தது. சல்லிப் பெண்கள் ஒருத்தி தவறாமல் விரல் வைத்தார்கள். கந்தளாயில் மகள் வீட்டுக்குப் போயிருந்த பொன்னுத்தாய்கூட அங்கிருந்து போட்டாள். நூறு நூறாக ஆதரவு ஏறிக்கொண்டே போனது. யசோதராவுக்கு மனம் குளிர்ந்தது. முடியுமட்டும் பார்த்துக்கொண்டிருந்த பூனை, கடைசி நிமிடத்தில் எட்டு லட்சம் முத்தோடு வந்து எதிர்த்து வோட்டுப் போட்டது. "மலசலகூடம் உயர்ந்த எண்ணம்தான், ஆனால் முத்தின் விலைக்கு அது உதவாது" என்று காரணமும் எழுதியது. சமூகம் பேசிவிட்டது, தலைவணங்குகிறேன் என்று டிலக்சன் அறிக்கை விட்டார்.

அன்று பின்னேரம் பெண்கள் வாடிக்குள் கூடினார்கள். சிலர் அழுதார்கள். வள்ளியம்மா அழவில்லை.

"நூறு நூறாச் சிதறிப் போட்டா ஆர் மதிப்பான்?" என்றாள். "சீட்டுக் கட்டுற மாதிரி ஒண்டாக் கட்டுவம். யசோதானே எங்கட சீட்டை நடத்துற தாச்சி. இந்த மாசம் எல்லாற்ற வோட்டையும் யசோ எடுக்கட்டும். அடுத்த மாசம் நான். பிறகு பொன்னுத்தாய்."

இதைக் கேட்டதும் எல்லோருக்கும் உயிர் வந்தது. நூறு நூறாக இருப்பதைச் சேர்த்தாலும் கூட்டுத்தொகை முந்தியதேதான் என்று அங்கே ஒருத்திக்கும் தோன்றவில்லை. எப்படித் தோன்றும்? தனித்தனியாக இருந்தால் உப்புக்கும் புளிக்கும் போய்விடுகிற காசு, சீட்டாகச் சேர்ந்தால் கூரைத் தகடாகவும் மகளின் தோடாகவும் மாறுவதை ஆயுள் முழுக்கக் கண்டவர்கள் அவர்கள். ஒருவருக்குப் பின் ஒருவராகத் தங்கள் முத்தை யசோதராவின் போனுக்கு அனுப்பினார்கள். எல்லாம் வந்து சேர்ந்ததும் யசோதரா போனைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் யுகேந்திரன் மோட்டார் சைக்கிளை மணலிலேயே விழுத்திவிட்டு ஓடிவந்தான். "யசோக்கா, என்ன வேலை பாத்தனீங்கள்? நீங்கள் இப்ப திமிங்கிலம்!"

வள்ளியம்மா யசோதராவை மேலும் கீழும் பார்த்தாள். நாலு மாதச் சலக்கடுப்பில் உருகிப்போன உடம்பு அது.

முத்தை வாரிச் சேர்த்துக்கொள்பவருக்கு அவர்கள் பாஷையில் திமிங்கிலம் என்று பெயராம். பல பேருடைய முத்து திடீரென்று ஒரே இடத்தில் சேர்ந்தால், யாரோ சங்கத்தைக் கைப்பற்ற வருகிறார்கள் என்று அபாய மணி தானாகவே அடிக்குமாம். மணி அடித்துவிட்டது. திருகோணமலைத் துறைமுகப் பக்கத்திலிருந்து முகம் தெரியாத திமிங்கிலம் ஒன்று கிளம்பிவிட்டது என்று சந்தையில் கதை பரவி, முத்து விலை விழத் தொடங்கியிருந்தது. இவ்வளவும் நடக்கும்போது திமிங்கிலம் சூடை மீனுக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தது.

அவசரக் கூட்டம் கூடியது. யசோதரா மீன் செதிள் ஒட்டிய கையோடு போன் முன்னால் உட்கார்ந்தாள். டிலக்சனின் முகம் வெளிறிப்போயிருந்தது.

"நண்பர்களே," என்றார், "இது எங்கட வரலாற்றின் இருண்ட நாள். அதிகாரம் ஒரு கையில சேரக்கூடாது எண்டதுக்காகத்தான் இந்த அமைப்பையே நான் தனியா இருந்து கட்டினனான். இண்டைக்கு ஒரு தனி மனுஷி, மற்றவையின்ர வோட்டைத் தன்ர கைக்குள்ள எடுத்திருக்கிறா. இதை என்ர ஆறு மில்லியன் வோட்டாலயும் எதிர்க்கிறன்."

"தம்பி," என்றாள் யசோதரா, "என்னட்ட இருக்கிறது நாலாயிரம்கூட வராது. உங்களிட்ட ஆறு மில்லியன் கிடக்கு. அது குவியல் இல்லையோ?"

"இல்லை அன்ரி, வடிவா விளங்கிக்கொள்ளுங்கோ. குவியிறது எண்டா பல பேரிட்ட இருந்து ஒருத்தரிட்டப் போறது. என்ர முத்து ஒருத்தரிட்ட இருந்தும் வரேல்லை. தொடக்கத்திலயே என்னட்டத்தான் இருந்தது. ஒண்டும் அசையவே இல்லை."

மிக ஆழமானது என்று விண்வெளி வீரர் எழுதினார். விலை இன்னும் விழுகிறது, என்ன கேட்டாலும் கொடுத்துத் தொலையுங்கள் என்று பூனை எழுதியது.

"திமிங்கிலத்தின் கோரிக்கை என்ன?" என்று டிலக்சன் கேட்டார்.

"கக்கூஸ்" என்றாள் திமிங்கிலம்.

வேறு ஏதோ பெரிதாக வரும் என்று காத்திருந்தவர்கள் கணக்கைப் புரட்டினார்கள். மலசலகூட நிதியில் ஒரு சதமும் மிச்சமில்லை. ஆனால் சங்கத்தைக் கைப்பற்ற வருகிறவர்களைத் தடுக்கவென்று ஒதுக்கிய தாக்குதல் தடுப்பு நிதியில் நிறையவே இருந்தது. அதிலிருந்து கட்டிக் கொடுப்பது, பதிலுக்கு யசோதரா முத்தை உரியவர்களிடம் திருப்பி அனுப்புவது என்று உடன்பட்டார்கள். இன்றைக்கே அனுப்புங்கள் என்றார் டிலக்சன்.

"கட்டிக் கதவு திறக்கட்டும் தம்பி. அதுக்குப் பிறகு அனுப்புறன்" என்றாள் யசோதரா. சீட்டு நடத்துகிறவளுக்கு இதெல்லாம் சொல்லிக் கொடுக்க வேண்டுமா?

நிலாவெளி மேசன் முருகேசு ஒரு மாதத்தில் கட்டி முடித்தார். மதிலெல்லாம் வழுவழுவென்று, உள்ளே தண்ணீர்த் தாங்கி, தாழ்ப்பாள், கைகழுவும் தொட்டி, எல்லாம் சரி. கதவு மட்டும் கொழும்பிலிருந்து வந்தது. இரும்புக் கதவு. பூட்டுக்குத் திறப்பில்லை, திறப்புப் போடும் துவாரமும் இல்லை. நடுவில் சின்னத் திரை ஒன்று இருந்தது.

"ஒருத்தரையும் நம்பத் தேவையில்லாத உலகின் முதலாவது கழிப்பறை," என்று டிலக்சன் அதற்கு விளக்கம் எழுதியிருந்தார். தனி ஒருவர் கையில் திறப்பு இருந்தால் அது அதிகாரக் குவிப்பு. ஆகவே கதவுக்கு ஐந்து காவலர்கள். அவர்களில் நான்கு பேர் தங்கள் போனில் ஒப்பமிட்டால்தான் திறக்கும். டிலக்சன், பூனை, விண்வெளி வீரர், சுவிஸில் இருக்கும் ஓர் உறுப்பினர், மக்கள் பிரதிநிதியாக யசோதரா. பதியும்போது படம் கேட்டார்கள். யசோதரா தன் நெத்தலிக் கருவாட்டைப் படமெடுத்துக் கொடுத்தாள்.

திறப்பு விழாக் காலையில் சல்லிப் பெண்கள் ஒரு காரியம் செய்தார்கள். அதற்காக அவர்களைக் குறை சொல்ல முடியாது. எட்டு மணிக்குக் கதவு திறக்கும் என்று அழைப்பிதழில் அடித்திருந்தது. அதை நம்பி, எல்லோரும் விடிய எழும்பித் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தார்கள். யசோதரா இரண்டு கோப்பை குடித்தாள். வள்ளியம்மா கஞ்சியும் குடித்தாள்.

டிலக்சன் ஒன்பது மணிக்கு வந்தார். வந்தவருக்குச் செவ்விளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். சீவச் சீவக் குடித்தார். படம் பிடிக்கிறவர் வெளிச்சம் சரியில்லை என்றதும் இன்னொன்று குடிப்பதுபோலக் குடித்தார். பிறகு பேசினார். நீரின் ஜனநாயகம் பற்றிப் பேசினார். லிஸ்பனில் கிடைத்த கைதட்டலைப் பற்றிப் பேசினார். பேச்சு முடியும்போது பெண்கள் காலை மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தார்கள்.

"இப்போது காவலர்கள் ஒப்பமிடுவார்கள்!" என்று யுகேந்திரன் ஒலிவாங்கியில் அறிவித்தான்.

யசோதரா போனில் விரலை அமத்தி ஒப்பமிட்டாள். திரையில் நெத்தலி தெரிந்தது. கைதட்டினார்கள். டிலக்சன் அமத்தினார். அவருடைய சிரித்த முகம் தெரிந்தது. கைதட்டினார்கள். பிறகு ஒன்றும் தெரியவில்லை.

சுவிஸ் உறுப்பினர் மலையேறப் போயிருந்தார். அங்கே சிக்னல் இல்லை. "பூனையைக் கூப்பிடும்" என்றாள் யசோதரா. பூனைக்கு அழைப்பெடுக்க ஒருவரிடமும் இலக்கம் இல்லை. விண்வெளி வீரர் எந்த நாட்டில் இருக்கிறார் என்றும் ஒருவருக்கும் தெரியாது.

"இதுதான் அன்ரி இந்த முறையின்ர பலம்" என்றார் டிலக்சன், ஒரு காலின்மேல் மறுகாலைப் போட்டுக்கொண்டு. "நினைச்ச உடன ஒருத்தராலயும் திறக்க ஏலாது."

"நான் இரண்டு கோப்பை குடிச்சனான் தம்பி" என்றாள் யசோதரா. அவளுக்கு அடிவயிற்றில் பழைய கடுப்பு தொடங்கியிருந்தது. ஒரு மாதமாகக் கட்டியதை முன்னால் வைத்துக்கொண்டு, கதவுக்கு வெளியே நின்று மறுபடியும் அதே வேதனையா என்று கண் கலங்கியது. முருகேசுவைக் கூப்பிட்டுக் கதவை உடைக்கச் சொன்னாள். அவர் தட்டிப் பார்த்துவிட்டு, மதிலைத்தான் உடைக்கலாம், உடைத்தால் கதவு மட்டும்தான் மிஞ்சும் என்றார். பெண்கள் கதவிலிருந்து வரிசையாக நின்றுவிட்டார்கள். வரிசை வாடியைச் சுற்றி வளைந்தது.

நேரம் போகப் போக டிலக்சனின் நெற்றியில் வியர்வை துளிர்த்தது. அவருடைய வான் சாப்பாட்டுப் பார்சல் எடுக்கப் பட்டணத்துக்குப் போயிருந்தது. கடலைப் பார்த்தார், கடற்கரை நிறைய விழாவுக்கு வந்த சனம். பற்றையைப் பார்த்தார், கமரா அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. யசோதராவையும் பார்த்தார். அந்தப் பார்வையின் அர்த்தம் கரையிலிருந்த எல்லாப் பெண்களுக்கும் விளங்கியது. எத்தனை வருடமாக அவர்கள் பார்த்த பார்வை அது!

"ஒரு அவசர அழைப்பு" என்று சொல்லிவிட்டுப் பையோடு கரையில் கவிழ்ந்து கிடந்த ஒரு வள்ளத்துக்குப் பின்னால் போனார். குறுகிக் குறுகித்தான் போனார்.

யசோதராவுக்கு மனம் கேட்கவில்லை. பாவம், வந்த பிள்ளை, மயங்கி விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று பின்னாலேயே போனாள். நிமிர்ந்தால் சனத்துக்குத் தலை தெரியும் என்று, வள்ளத்துக்குப் பின்னால் டிலக்சன் மணலில் முழந்தாளிட்டிருந்தார். பையிலிருந்து எடுத்த இரண்டு போன்கள் வள்ளத்தின் அடிப்பலகையில் கிடந்தன. ஒன்றில் பூனை கறுப்புக் கண்ணாடியோடு இருந்தது. அவர் பெருவிரலை அமத்தினார். அந்தப் பக்கம் சனம் ஆரவாரித்தது.

"பூனை வந்திட்டுது!" என்று யுகேந்திரன் ஒலிவாங்கியில் கத்தினான்.

மற்றப் போனை அமத்தினார். "விண்வெளி வீரரும் வந்திட்டார்!" என்று யுகேந்திரன் கத்தினான். இரும்புக் கதவு படக்கென்று திறந்த சத்தம் அங்கேவரை கேட்டது.

டிலக்சன் எழுந்து திரும்பினார். எதிரே யசோதரா நின்றாள்.

"அப்ப பூனையும் நீங்கள்தானோ?"

அவர் வாயைத் திறந்தார். தனியுரிமை என்று சொல்ல வந்திருக்கலாம். வார்த்தைக்கு முன் வேறு ஏதாவது வந்துவிடுமோ என்ற பயத்தில் ஓடத் தொடங்கினார். ஓடிப்போய்க் கதவடியில் நின்றார். அங்கே வள்ளியம்மா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முதல் ஆளாக நின்றாள். பின்னாலேயே வந்த யசோதரா அவளிடம் விஷயத்தைச் சொன்னாள். ஒலிவாங்கி பக்கத்தில் நின்ற யுகேந்திரன் கையில் திறந்திருந்ததால் கரை முழுக்கக் கேட்டது.

"கக்கூஸ் வேண்டாமெண்டு வோட்டுப் போட்டது நீரோ?" என்றாள் வள்ளியம்மா. "ஆய்வுக் காசு எடுத்ததும் நீர். அந்தத் துளிக்குள்ள கதவுப் படம் கீறின காசு எடுத்ததும் நீர். உமக்கு உம்மோட கதைக்க எவ்வளவு நேரம் கிடந்திருக்கு!"

யுகேந்திரன் ஒலிவாங்கியை மெதுவாக மேசையில் வைத்தான். அவனுக்கும் அது இப்போதுதான் தெரியும்போல.

"அன்ரி, பிளீஸ்," என்றார் டிலக்சன். அழுகை வரும் குரல். "எல்லாம் பிறகு விளங்கப்படுத்துறன். அறிக்கை விடுறன். முத்து வேணுமெண்டா எடுங்கோ, ஒரு மில்லியன், இரண்டு மில்லியன். முதல்ல என்னை விடுங்கோ. கதவைத் திறந்தது நான்தானே!"

யசோதரா வரிசையைப் பார்த்தாள். கடைசியில் பொன்னுத்தாய் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். யசோதராவின் இடம் நடுவில் இருந்தது. யாரும் அதைப் பிடித்துக்கொள்ளாமல் இடைவெளி விட்டு வைத்திருந்தார்கள். அவள் அங்கே போய் நின்றுகொண்டாள்.

"ஓம் தம்பி. மூண்டு பேரா நிண்டு திறந்தனீங்கள், பெரிய உபகாரம்," என்றாள். "இப்ப ஒரு ஆளாப் போய்ப் பொன்னுத்தாய்க்குப் பின்னால நில்லுங்கோ."

அவர் போனார். போகும்போது ஒவ்வொரு பெண்ணின் முகத்தையும் பார்த்துக்கொண்டு போனார். ஒருத்தியும் இடம் விடவில்லை. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. நெடுநேரம் கழித்து வள்ளியம்மா வெளியே வந்து, சேலையை உதறிவிட்டு, அடுத்தவளுக்குக் கதவைப் பிடித்தாள்.

"ஆறுதலா இருந்திட்டு வா பிள்ளை," என்றாள். "ஒருத்தருக்கும் அவசரமில்லை."